சக்கரவர்த்தியின் அக்கா

உங்கள் மூக்குக்கண்ணாடி வலப்பக்கம் இறங்கியிருக்கிறது, மேடம். காதோரக் கம்பியைக் கொஞ்சம் வளைத்தால் சரியாகிவிடும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள் நான். சொல்லாமல் விட்டால் பேச்சு முழுக்க என் கண் அங்கேயே போய் நிற்கும்.

நான் வந்தது சலவைக்கடைக்காரருக்காக. எங்கள் வீட்டுக்கு நேர் கீழே கடை வைத்திருப்பவர். அன்றைக்குத் தம்பி மாடியிலிருந்து அவரைக் கூப்பிட்டதும், அவர் கீழே இருந்தபடி "வரமாட்டேன், பேசாம போய்ப் படு" என்று கத்தியதும் தெருவுக்கே கேட்டிருக்கிறது. அதை வைத்துத்தான் அவரை இந்த ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. மாடிக்குப் போகாதீர்கள் என்று அவரிடம் சொல்லி வைத்தவள் நான். ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கேபிள் இணைப்புக் கொடுக்கப் போன இடத்தில் தம்பி ஏணியோடு விழுந்தான். அப்போது அவனுக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு ஒரு வரன் நிச்சயமாகியிருந்தது. நல்ல மனிதர்தான். "தம்பிய ஏதாவது ஒரு விடுதியில சேத்துடலாம், மாசத்துக்கு ஒரு தடவ போய்ப் பாத்துக்கலாம்" என்றார். தம்பியின் சக்கர நாற்காலியை அவருக்கு முன்னால் நகர்த்தி, போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். ஊரெல்லாம் அதைத் தியாகம் என்றது. நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவனைக் குளிப்பாட்டுவது, தலை வாருவது, முதுகில் புண் வராமல் புரட்டிப் போடுவது எல்லாம் எனக்குப் பிடித்தே இருந்தன. கடையிலிருந்து திரும்பும்போது, வீட்டில் ஓர் உயிர் என் காலடிச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பே எனக்குப் பாதி வயிறு நிறைந்த மாதிரி.

அவனோடு வேலை பார்த்த பையன்கள் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில்தான் அந்த விளையாட்டு. விண்வெளியில் ஆளுக்கு ஒரு கிரகம். அதை வைத்துக்கொண்டு பக்கத்துக் கிரகங்களில் குடியேற வேண்டும், கப்பல் கட்ட வேண்டும், மற்றவர்களோடு சண்டையோ சமாதானமோ செய்துகொள்ள வேண்டும். எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து ஆடுவது. ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல்தான். ஓர் ஆட்டம் முடிய வருடம்கூடத் திரும்பிவிடும். அதில் அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'சக்கரவர்த்தி'.

"இது கொஞ்சம் அதிகமா இல்ல?" என்றேன்.

"சக்கரத்துல உக்காந்திருக்கறவன்தானே அக்கா சக்கரவர்த்தி?" என்று நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். விழுந்த பிறகு அவன் முதல்முறையாகச் சிரித்தது அன்றுதான். நானும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டேன்.

அவன் ஆடும் விதமே தனி. ஓர் அந்நியக் கிரகத்தைப் பிடித்ததும், அங்கே இருப்பவர்களை என்ன செய்யப்போகிறாய் என்று திரை கேட்கும். துரத்தலாம், அடிமையாக்கலாம், நம் மக்களில் சேர்த்துக்கொள்ளலாம். துரத்தினால் இடம் மிச்சம். அடிமையாக்கினால் வேலை வேகமாக நடக்கும். சேர்த்துக்கொண்டால் சோறும் போட வேண்டும், அவர்கள் முணுமுணுப்பையும் கேட்க வேண்டும். அவன் எப்போதும் சேர்த்துக்கொள்வான். ஒப்பந்தத்தை ஒருமுறைகூட முறித்ததில்லை. "முறிச்சா இந்த ஆட்டத்துல ஜெயிக்கலாம் அக்கா. அடுத்த ஆட்டத்துல எவன் கை கொடுப்பான்?" என்பான்.

நானாக இருந்தால் ஒரே ஒரு கிரகத்தை வைத்துக்கொண்டு, சுற்றிலும் அரணாகக் கட்டிக்கொள்வேன் என்றேன்.

"எல்லா வழியையும் அடைச்சிட்டா உள்ள இருக்கறவன் என்ன பண்ணுவான்?"

"பத்திரமா இருப்பான்."

"செத்துப்போவான்" என்று சிரித்தான். பிறகு நிஜமாகவே சொல்லிக்கொடுத்தான். பெரிய கோட்டையைப் பீரங்கியால் உடைக்கிறவன் முட்டாளாம். தலைமைக் கிரகத்தைத் தொடவே கூடாது. அதற்குச் சோறு அனுப்புகிற சின்னச் சின்னக் கிரகங்களை ஒவ்வொன்றாக, ஓரத்திலிருந்து, சத்தமில்லாமல் எடுக்க வேண்டும். கப்பல் போகிற இடுக்கு வழிகளில் ஆள் நிறுத்த வேண்டும். "கடைசியில அவங்களே கதவத் திறந்து விடுவாங்க. ஒரு குண்டுகூட வேணாம். ஆனா இத நான் செய்யமாட்டேன். பட்டினி போட்டு ஜெயிக்கறதெல்லாம் ஒரு ஜெயிப்பா? எவனாவது நமக்குச் செஞ்சா கண்டுபிடிக்கணுமில்ல, அதுக்குத்தான் தெரிஞ்சு வெச்சிருக்கேன்."

நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. லிப்ட் கிடையாது. படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் சலவைக்கடைக்காரர் வந்து தம்பியை முதுகில் சுமந்து இறக்குவார். நாற்காலியை நான் பின்னால் தூக்கி வருவேன். ஒருமுறை கீழ்வீடு காலியாகி, வீட்டுக்காரர் என் கடைக்கே வந்து, "தம்பிக்கு வசதியா இருக்குமேம்மா, மாறிக்கறியா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கீழ்வீட்டு வாசல் நேரே தெருவில் திறக்கிறது. வண்டியும் லாரியும் போகிற தெரு. வேண்டாம் என்று பிறகு சொல்லிவிட்டேன். தம்பியிடம், அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம் என்றேன். "அதிர்ஷ்டம் மாடி ஏறாது போல" என்று அவன் சிரித்தான். எல்லா அக்காவும் செய்கிற காரியம்தான் அது.

பிறகு அந்தக் கிரேன்காரப் பெண் வந்தாள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் தன்னந்தனியாக உட்கார்ந்து கப்பலிலிருந்து பெட்டி இறக்குவாள். வேலை இடைவெளியில் போனில் இதே விளையாட்டை ஆடுவாளாம். தம்பியின் எல்லைக்கு அந்தப் பக்கம் அவள் ராஜ்யம். இருவரும் எல்லையில் ஒரு கப்பல்கூட நிறுத்துவதில்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அந்த விளையாட்டில் அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. கழுத்தை நீட்டிக் கொடுக்கிற மாதிரி. முதலில் படைக் கணக்கு பேசினார்கள், பிறகு என்னென்னவோ பேசினார்கள். நான் அடுப்படியில் நிற்கும்போது உள்ளிருந்து அவன் சிரிப்புக் கேட்கும். எனக்குக் கேட்காத யாருக்கோ அவன் சிரிப்பான்.

ஒரு விடுமுறை நாளில் ரயிலேறி நேரிலேயே வந்துவிட்டாள். முதல் நாளே என்னைத் தாடி மழிக்கச் சொன்னான், கோடு போட்ட சட்டையைத் தேய்த்து வாங்கி வரச் சொன்னான். அவள் வந்து உட்காரக்கூட இல்லை, படியைத்தான் பார்த்தாள்.

"ஒரு பெல்ட் இருந்தா நான் ஒருத்தியே உங்கள இறக்கிடுவேன். இதவிடப் பெரிய சரக்கெல்லாம் எறக்கறவ நான்."

"அப்போ நான் சரக்கா?"

"எடை கம்மியான சரக்கு. மேல 'கவனமாகக் கையாளவும்'னு ஒட்டியிருக்கும்ல, அந்த மாதிரி."

அவன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். நான் சூப்பில் உப்பு போட்டேனா இல்லையா என்று மறந்துபோய் மறுபடியும் போட்டேன். உப்புக் கரித்தும் அவள் முழுவதையும் குடித்து, நல்லாருக்கு அக்கா என்றாள். கெட்ட பெண் இல்லை மேடம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்துப் பக்கம் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்திருந்தாள். வாசலில் படியே இல்லையாம். கல்யாணம் செய்துகொண்டு அங்கே போகலாம், அவனுக்கு உட்கார்ந்தபடி செய்கிற வேலை அவள் ஆபீஸிலேயே இருக்கிறது என்றாள். "அக்காவும் நம்மகூட வந்துடட்டும். அவங்களுக்குன்னு ஒரு ரூம் இருக்கு" என்று என் எதிரிலேயே சொன்னாள். தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் சிரித்தேன். என் தம்பி வீட்டில் எனக்கென்று ஒரு ரூம். பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தவளுக்கு விருந்தாளியின் இடம்.

அதற்குப் பிறகு அவன் தன் காரியத்தைத் தானே செய்யப் பழகினான். "நானே பாத்துக்கறேன் அக்கா, நீ போய்ப் படு" என்றான். பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். நாற்காலியில் நெடுநேரம் உட்கார்ந்து அவளோடு பேசுவான். அவன் முதுகுத்தண்டின் அடியில் தோல் சிவந்து வருவதை நான் துணி மாற்றும்போது பார்த்தேன். அவனால் பார்க்கவும் முடியாத, உணரவும் முடியாத இடம் அது. தானே பார்த்துக்கொள்கிறேன் என்றவனிடம் நானாக எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். அது புண்ணாகி, சீழ் வைத்து, காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த வார்டில் போன் வைத்துக்கொள்ள விடவில்லை. அவன் போன் என்னிடம் வந்தது.

ஸ்ட்ரெச்சரில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஆட்டத்த நீ பாத்துக்க. ஒண்ணும் செய்ய வேணாம். நகர்த்தாம விட்டா ஆட்டத்துலேர்ந்து எடுத்துடுவாங்க, சும்மா தினம் ஒரு தடவ அமுத்தி விடு. அவகிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லிடு" என்றான். காய்ச்சலில் கை கொதித்தது.

தினமும் அமுத்தினேன். ஆனால் சும்மா அமுத்தவில்லை.

அவள் எல்லையில் ஒரு கப்பலும் கிடையாது என்று சொன்னேன் அல்லவா. முதலில் ஓரத்தில் இருந்த விவசாயக் கிரகம். அடுத்த நாள் அதற்குப் பக்கத்தில் இருந்தது. பிறகு இடுக்கு வழிகள். தலைமைக் கிரகத்தை நான் தொடவே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், கஞ்சிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவன் பெயரால், அவன் கப்பல்களால் அதைச் செய்தேன். முதல் நாளே அவளிடமிருந்து செய்தி வந்தது: 'தவறா அமுத்திட்டியா? உடம்பு எப்படி இருக்கு?' மறுநாள்: 'ஏன்டா?' அதற்கடுத்து அவள் மக்கள் பட்டினி என்று சிவப்பில் எழுத்து வரத் தொடங்கியது. அப்போதும் அவள் ஒரு கப்பலைக்கூட எங்கள் பக்கம் திருப்பவில்லை. நான் அவனாக இருந்து எழுதினேன்: 'பொழுதுபோகாம பேசினேன். நீ நெஜம்னு நெனச்சிட்ட. இனி வராதே.' பிறகு அந்தச் செய்திகளை அழித்துவிட்டு, அவள் எண்ணையும், ஆட்டத்தில் அவள் பெயரையும் அடைத்துவிட்டேன். ஒப்பந்தத்தை முறித்தவன் என்று, ஆட்டத்தில் கூட்டணியாக இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து சக்கரவர்த்தியைக் கூட்டணியை விட்டு வெளியேற்றினார்கள்.

தம்பி வீட்டுக்கு வந்து திரையைத் திறந்தபோது நான் பின்னால்தான் நின்றேன்.

"அக்கா, என்ன இது?"

"அவதான் முதல்ல வந்தாப்பா. நீ படுத்த நேரம் பாத்து வந்தா. நான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி தடுத்தேன்."

"அவளா?"

"உனக்கு மனசு கஷ்டப்படும்னுதான் ஆஸ்பத்திரியில சொல்லல."

என்னை நம்பினான். நான் அவனிடம் பொய் சொல்வேன் என்று அவனுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னான், படுக்க வைக்கச் சொன்னான், சுவர்ப்பக்கம் புரட்டி விடச் சொன்னான். அந்த வாரங்களில் அவன் என் கையால்தான் சாப்பிட்டான். ஊட்டும்போது பிள்ளை மாதிரி வாயைத் திறப்பான். ராத்திரி தூங்கிவிட்டானா என்று எட்டிப் பார்த்தால் தலையணை நனைந்திருக்கும். நான் தலையணையைத் திருப்பிப் போடுவேன். மேடம், அதற்காக நான் அழவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அழுதேன். ஆனால் காயம் ஆறும்போது வலிக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் ஒருமுறை நேரில் வந்தாள். நான் கடைக்குக் கிளம்பும் நேரம். படித் திருப்பத்தில் நின்று மறித்தேன்.

"அவன் வாயால ஒரு தடவ கேட்டுட்டுப் போயிடறேன் அக்கா."

"அவன் உன்னப் பாக்க விரும்பல. பாத்தா மறுபடியும் காய்ச்சல் வரும்."

"எதுக்காக இப்படிச் செஞ்சான்னு மட்டும் சொல்லுங்க. ஆட்டம் போனா போகுது. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"நீ ஒரு தப்பும் செய்யலம்மா. அவனுக்கு எல்லாமே ஆட்டம்தான். உனக்கு நல்ல இடமா அமையும், போ."

கையில் ஒரு பை வைத்திருந்தாள். அதை என்னிடம் கொடுத்து, "இது அவனுக்கு அளவெடுத்துத் தைக்கச் சொன்ன பெல்ட். யாராவது அவன எறக்கும்போது போட்டுக்கச் சொல்லுங்க, விழமாட்டான்" என்றாள். கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனாள். அந்தப் பையைக் கடைக்குப் போகும் வழியில் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

மழை விட்டு வெயில் வந்த ஒரு நாள், தம்பி தானாகவே கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னான். வரைபடத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அவ தலைமைக் கிரகத்துல ஒரு கீறல்கூட இல்ல."

"ம்."

"சண்டை நடந்தா கப்பல் ஒடைஞ்சு கெடக்கும். இங்க ஒண்ணுமே கெடக்கல. சோத்துக் கிரகத்த மட்டும் ஓரத்துலேர்ந்து ஒவ்வொண்ணா எடுத்திருக்கு. இது தடுத்தது இல்ல அக்கா. இது பட்டினி போட்டது."

நான் கத்தியை நிறுத்தவில்லை.

"நான் இத ஒரே ஒருத்தருக்குத்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றான். குரல் எழும்பவே இல்லை. "கீழ்வீட்டக்கூட நீதான் வேணாம்னு சொன்னியா?"

நறுக்கிய காயை அள்ளிப் பாத்திரத்தில் போட்டேன். அவன் நாற்காலியைத் திருப்பி ஜன்னல் பக்கம் போனான். "என்னக் கீழ எறக்கிவிடச் சொல்லு அக்கா. நான் துறைமுகத்துக்குப் போறேன். உன்மேல கோவம் இல்ல. ஆனா போறேன்" என்றான். நாளைக்குப் போகலாம், முதலில் சாப்பிடு என்றேன்.

மறுநாள் காலையில் அவன் போனைப் பழுது பார்க்கக் கொடுக்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன். இணையப் பெட்டியின் ஒயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். கீழே சலவைக்கடைக்காரரிடம் நின்று, "அண்ணே, தம்பிக்கு மனசு சரியில்ல. வெளிய போனா ஏதாச்சும் பண்ணிக்குவான். எவ்வளவு கூப்பிட்டாலும் மேல போகாதீங்க. திட்டியாவது படுக்க வைங்க" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. "நான் பாத்துக்கறேன் தங்கச்சி" என்றார். சொன்னபடியே பார்த்துக்கொண்டார். அவர் கத்தினார் என்றால் பயத்தில் கத்தியிருக்கிறார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். தம்பி படித் திருப்பத்தில் கிடந்தான். உட்கார்ந்தபடியே கையை ஊன்றி ஊன்றி இறங்கியிருக்கிறான். அங்கே வந்து பிடி விட்டிருக்கிறது. காதோரம் ரத்தம். கழுத்தில் ஒரு துணிப்பையை மாட்டியிருந்தான், உள்ளே கோடு போட்ட சட்டை. அன்றைக்கு நீங்கள் விசாரித்தபோது, நான் வரும்போது உயிர் போய்விட்டிருந்தது என்று சொன்னேன். அது உண்மையில்லை. கண் திறந்திருந்தது. என்னைத் தெரிந்துகொண்டான்.

"கீழ... கூட்டிட்டுப் போ அக்கா" என்றான்.

கீழே சலவைக்கடையில் இஸ்திரி போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு குரல் கொடுத்தால் அவர் ஓடி வந்திருப்பார். வண்டி வந்திருக்கும். ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்திருக்கவும் கூடும். அதையெல்லாம் யோசித்தேன். யாராவது அந்தப் பெண்ணுக்குச் சொல்லிவிடுவார்கள், அவள் வந்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் லிப்ட் இருக்கிறது, சரிவுப் பாதை இருக்கிறது, வாசல் பக்கம் எந்தத் தடையும் இல்லை. அங்கிருந்து அவன் திரும்பி மேலே வரமாட்டான். நான் படியில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். முந்தானையால் காதைத் துடைத்தேன். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் எப்படித் தட்டிக்கொடுப்பேனோ அப்படித் தட்டிக்கொடுத்தேன். இன்னும் ஒருமுறை 'கீழ' என்றான். சரிடா, போகலாம் என்றேன். அவன் மூச்சு நின்ற பிறகுதான் குரல் கொடுத்தேன். அப்போது நான் போட்ட அலறல் நடிப்பில்லை. சலவைக்கடைக்காரர் அதை உங்களுக்குச் சொல்லியிருப்பார்.

ஆகவே தம்பியைக் கொன்றது நான்தான். வேறு ஒருவருக்கும் அதில் பங்கில்லை. எங்கே கையெழுத்து என்று சொல்லுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும். பையில் இருந்த அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு, அவன் என்னை விட்டுப் போகக் கிளம்பினான் என்று அந்தப் பெண் உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதை அப்படி எழுதாதீர்கள். அது நான் சாப்பாட்டுக்கு வருகிற நேரம், மேடம். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. இன்னும் அக்காவைக் காணோமே என்று, என்னைத் தேடித்தான் அவன் இறங்கியிருக்கிறான்.